தண்ணீர்த் திட்டங்களில் எலக்ட்ரிகல் வேலை: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்கள் யார், எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள்?

திருச்சியில் இருக்கிறோம். அப்பா ஐ.டி.ஐ. முடித்து வயர்மேனாக ஆரம்பித்தவர். முதலில் வீடு, அரிசி ஆலை, கிணற்று மோட்டார் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1980-களின் நடுவில் ஒரு கிராமக் குடிநீர்த் திட்டத்துக்கு ஸ்டார்ட்டர் பேனல் (மோட்டாரைக் கிளப்பி நிறுத்தும் கருவிகள் உள்ள பெட்டி) மாட்டப் போனார். வேலை முடிந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிய அன்று ஊரே குடத்தோடு வந்து நின்றதை இன்றும் சொல்வார். அதன் பிறகு அவர் வீட்டு வயரிங் வேலையைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்திவிட்டார். நான் இரண்டாம் தலைமுறை, டிப்ளமா முடித்துவிட்டு நேராக அவருடன் சைட்டுக்குப் போனேன். பதினைந்து பேர் கொண்ட சின்ன நிறுவனம்தான் எங்களுடையது. பெரும்பாலும் பெரிய ஒப்பந்ததாரர்களுக்குக் கீழே துணை ஒப்பந்தத்தில் வேலை செய்கிறோம், சின்ன வேலைகளை நேரடியாக டெண்டரில் எடுக்கிறோம். போன் செய்கிறவர்களும் ஊராட்சித் தலைவர்களும் சைட்டுக்கு வரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று நினைத்தேன்.

தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடத்தில் எலக்ட்ரிகல் காண்ட்ராக்டருக்கு என்ன வேலை? லைட், ஃபேன் போடுவதா?

லைட், ஃபேன் எல்லாம் கடைசி வாரத்து வேலை. தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பார்த்தால் எங்கள் வேலை எங்கெங்கே இருக்கிறது என்று புரியும். ஆற்றிலோ ஏரியிலோ எடுக்கும் தண்ணீரைப் பம்பு வைத்து நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே படிகாரக் கரைசலை அளந்து ஊற்றும் டோசிங் பம்பு, அதை வேகமாகக் கலக்கும் மிக்ஸர், அழுக்கைத் திரட்டிக் கீழே படிய வைக்கும் வட்டத் தொட்டியில் மெதுவாகச் சுற்றும் பாலம், அப்புறம் மணல் வடிகட்டி, அந்த மணலைத் தினமும் கழுவ ஒரு ப்ளோயரும் பேக்வாஷ் பம்பும், கடைசியில் குளோரின். சுத்தமான தண்ணீரைத் தொட்டிகளுக்குத் தள்ளும் பெரிய பம்புகள் இதற்குப் பிறகு. இதில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மோட்டார், ஒரு கேபிள், ஒரு ஸ்டார்ட்டர், ஒரு எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) இருக்கிறது. மின்வாரியம் 11 அல்லது 22 ஆயிரம் வோல்ட்டில் வாசல் வரை கொடுப்பதை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, பேனல்களில் பிரித்து, இத்தனை மோட்டாருக்கும் கொண்டு சேர்ப்பதும், ஒன்று கெட்டால் மற்றது நிற்காமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு.

வேலை முடிந்ததும் மின் ஆய்வுத் துறையிலிருந்து வந்து பார்த்து, பாதுகாப்புச் சான்று கொடுத்த பிறகுதான் ஹெச்.டி. (உயர் அழுத்த) லைனில் கரண்ட் ஏற்ற முடியும். இந்தச் சான்றுக்காக மூன்று மாதம் காத்திருந்த சைட்டும் உண்டு, மூன்றே நாளில் முடிந்த சைட்டும் உண்டு. பெரும்பாலும் நாம் வரைபடமும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் எவ்வளவு ஒழுங்காகக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது.

அந்தக் காலத்தில் கரண்ட் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்?

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் தண்ணீருக்குக் கரண்ட் தேவையில்லை. 1872-இல் சென்னைக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கம் வரை சரிவில்தான் வந்தது, வடிகட்டாமல். 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் பம்பிங் நிலையமும் வந்தபோது பம்பை ஓட்டியது நீராவி. கோயம்புத்தூருக்கு வரும் சிறுவாணித் தண்ணீர் இன்றைக்கும் மலையிலிருந்து சரிவில் இறங்கித்தான் வருகிறது.

தமிழ்நாட்டில் பைக்காரா மின் நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்தது, 1937-இல் மேட்டூர். அதே 1937-இல்தான் கோவையில் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்தார்கள். மின்சாரமும் மோட்டாரும் ஒரே மண்ணில் ஒரே காலத்தில் கிடைத்ததால்தான் நம் ஊரில் கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் வந்தது. 1971-இல் குடிநீர் வடிகால் வாரியமும் 1978-இல் சென்னைக் குடிநீர் வாரியமும் அமைந்தன. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான கிராமங்களை ஒரே குழாயில் கோக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பெருகின. திருச்சி அருகே ஆற்றுப் படுகையில் எடுக்கும் தண்ணீர் ராமநாதபுரம் வரை போகிறது. ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டுப்போன தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக வந்த ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கியது, காவிரிக் கரையிலிருந்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீரை ஏற்றுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் கரண்ட் நின்றால் தண்ணீர் நின்றது என்று அர்த்தம்.

சுத்திகரிப்புக்கு எக்கச்சக்கமாகக் கரண்ட் ஆகுமா?

ஆகாது. நிறையப் பேர் இதைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட்டத் தொட்டியில் பாலத்தைச் சுற்றும் மோட்டார் சில குதிரைத்திறன்தான், அரைத் தூக்கத்தில் இருப்பது போல மெல்லச் சுற்றும். டோசிங் பம்பு அதைவிடச் சின்னது. சாதாரண ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் கரண்ட் பில்லைத் தின்பது தண்ணீரைத் தூக்குகிற வேலைதான்.

கணக்கு எளிது. ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் சுமார் 27 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனில் ஓடினால் 39 யூனிட். தேய்ந்துபோன பம்பு 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 54 யூனிட்டுக்கு மேல். அதே தண்ணீர், அதே உயரம், ஆனால் 15 யூனிட் சும்மா போகிறது, அதுவும் தினமும். பம்பைக் கழற்றிச் சரிசெய்யப் பணமில்லை என்று சொல்லும் அலுவலகங்களுக்கு இந்த ஒரு கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன்.

கடல்நீர் கதை வேறு. அங்கே உப்பைப் பிரிக்கச் சவ்வுக்குள் தண்ணீரை 55 முதல் 70 பார் அழுத்தத்தில் தள்ள வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மூன்றிலிருந்து நான்கு யூனிட் வரை ஆகும். சென்னை அருகே இருக்கும் மீஞ்சூர் போல நாளுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கும் நிலையம் முழு அளவில் ஓடினால் தினமும் மூன்று, நான்கு லட்சம் யூனிட் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

கரண்ட் வந்து ரொம்ப நேரம் ஆச்சு, ஆனால் தண்ணீர் இன்னும் வரவில்லை. ஏன் இப்படி?

அதிகம் திட்டு வாங்கும் கேள்வி இதுதான், டேங்க் ஆபரேட்டர்தான் பாவம்.

கரண்ட் போனபோது உங்கள் ஊருக்கு வரும் குழாயில் பள்ளமான இடங்களில் இருக்கும் ஊர்கள் வால்வைத் திறந்தே வைத்திருந்தால் குழாயில் இருந்த தண்ணீர் முழுக்க அங்கே இறங்கிவிடும். குழாய் காலி, உள்ளே காற்று. பிறகு கரண்ட் வந்ததும் ஆபரேட்டர் எல்லா மோட்டாரையும் ஒரே அடியாகப் போட முடியாது. நேரடியாகப் போட்டால் ஒரு மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும், கிளம்பும்போது இழுப்பைக் குறைக்கும் ஸ்டார்-டெல்டா இணைப்பில் போட்டாலும் இரண்டு மடங்குக்குக் குறையாது. அதனால் ஒன்று நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்தது. வோல்டேஜ் நிலையாக இருக்கிறதா என்றும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய மின்தடைக்குப் பிறகு முதல் பத்து நிமிஷத்தில் மறுபடி போவது சகஜம். அதற்கப்புறம் குழாயில் தண்ணீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள், காலியான 20 கிலோமீட்டர் குழாயை நிரப்பவே ஐந்தரை மணி நேரம். வழியில் காற்று வெளியேற வேண்டும், இடைத் தொட்டிகள் நிரம்ப வேண்டும், கடைசியில்தான் உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி.

அதனால்தான் அரை மணி நேர மின்தடை அரை நாள் தண்ணீர்த் தட்டுப்பாடாகிறது. வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் திட்டத்தில் இதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து வரை பம்பு, அங்கே சுத்திகரிப்பு, அங்கிருந்து காடாம்புலியூர் வரை இன்னொரு பம்பு, அதற்குப் பிறகு போரூர் வரை சுமார் 200 கிலோமீட்டர் சரிவிலேயே வந்துவிடுகிறது. மேட்டைத் தேடிப்பிடித்து முதலிலேயே ஏற்றிவிட்டால் நடுவழியில் மின்தடை ஒன்றும் செய்யாது. எல்லா ஊருக்கும் அந்த நில அமைப்பு வாய்ப்பதில்லை.

கரண்ட் போனால் குழாய் ஏன் வெடிக்கிறது?

நாங்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பத்து கிலோமீட்டர் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் சில ஆயிரம் டன் எடை இருக்கும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போகிறது, சில நொடிகளில் பம்பு நின்றுவிடும். ஆனால் குழாயில் உள்ள தண்ணீர் நிற்காது, ஓடிய வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். பம்புக்குப் பக்கத்தில் வெற்றிடம் உண்டாகும். மேட்டில் ஏறிய தண்ணீர் வேகம் இழந்து திரும்பும், திரும்பி வந்து பம்பு வாயில் உள்ள வால்வில் மோதும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீர் இரும்புக் குழாயில் சட்டென்று நிற்க நேர்ந்தால் ஏறக்குறைய 100 மீட்டர் நீர் உயரத்துக்கு இணையான அழுத்தம் கூடுதலாக ஏறும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு பத்து கிலோ. ஏற்கெனவே குழாயில் இருக்கும் அழுத்தத்துக்கு மேல் இது. அந்தச் சத்தத்தைப் பம்பு ரூமில் நின்று ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார்.

இதைத் தாங்க ஏர் வெசல் (அழுத்திய காற்றும் தண்ணீரும் இருக்கும் இரும்புத் தொட்டி, அதிர்ச்சியைக் காற்று வாங்கிக்கொள்ளும்), சர்ஜ் டேங்க் (அழுத்தம் ஏறினால் தண்ணீர் ஏறி இறங்க இடம் கொடுக்கும் தொட்டி), நடுவில் சிறப்பு வால்வுகள் என்று வடிவமைப்பில் இருக்கும். இது குழாய்க்காரர்கள் வேலை என்று எலக்ட்ரிகல் ஆட்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் தவறு. ஏர் வெசலுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் எங்கள் பேனலில்தான் இருக்கிறது. அது டிரிப் ஆகிக் கிடந்தால் வெசலில் காற்று இருக்காது, அப்போது அது வெறும் இரும்பு உருளைதான். ஒரு சைட்டில் இப்படி அலாரம் வயரைக் கழற்றி வைத்திருந்தார்கள், சத்தம் தொந்தரவாக இருக்கிறதாம். கம்ப்ரசர் ஓடவில்லை என்பது எத்தனை நாளாக யாருக்கும் தெரியவில்லை என்று தெரியாது, ஒரு மின்தடையில் குழாய் மூன்று இடத்தில் பிளந்தது. அதற்குப் பிறகு நாங்கள் போடும் எல்லா நிலையத்திலும் ஏர் வெசலில் காற்று அளவு குறைந்தால் பெரிய பம்பு கிளம்பவே கிளம்பாதபடி இணைத்துவிடுகிறோம். ஆபரேட்டர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

ஆற்றுக்கு நடுவில் உயரமாக ஒரு கட்டடம் நிற்கிறதே, அங்கே எப்படிக் கரண்ட் கொண்டுபோகிறீர்கள்?

அது நீர் சேகரிப்புக் கிணறு. காவிரி, கொள்ளிடம் மணலுக்கடியில் நாலாபக்கமும் துளையிட்ட குழாய்களைச் செருகி, மணல் வடிகட்டிய தண்ணீரைக் கிணற்றுக்குள் கொண்டுவருவார்கள். திருச்சிக்குக் கம்பரசம்பேட்டை வழியாக வரும் தண்ணீரும் இப்படி ஆற்று மணலிலிருந்து எடுப்பதுதான். மோட்டார் ரூம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதால்தான் அவ்வளவு உயரம். கேபிள் நடைபாலத்தின் பக்கவாட்டில் டிரேயில் போகும்.

2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் போனபோது, பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. அந்த வாரம் ஆற்றுக்குள் இருக்கும் எந்தப் பம்பு ரூமுக்கும் போக மனசு நடுங்கியது. தண்ணீர் தூணைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டே போகும், மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து நடைபாலத்தில் கேபிளை இறுக்கமாக இழுத்துக் கட்டுவதில்லை, இரண்டு பக்கமும் ஒரு வளையம் அளவு தளர்ச்சி விடுகிறோம். பாலம் கொஞ்சம் நகர்ந்தாலும் கேபிள் அறுந்து தண்ணீரில் கரண்டோடு விழக் கூடாது.

குளோரின் ரூமில் வயரிங் சீக்கிரம் கெட்டுப்போகிறது, எது வாங்கினால் தாங்கும்?

பொருளை மட்டும் மாற்றினால் போதாது, இடத்தை மாற்ற வேண்டும். குளோரின் வாயு ஈரக்காற்றோடு சேர்ந்தால் அமிலமாகும், செம்பு பச்சை பூத்துப்போகும், கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துப் பிரிக்கும் ஸ்விட்ச்) முனைகள் ஒட்டாது. ஸ்விட்சுகள் எல்லாம் குளோரின் ரூமுக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே விளக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் மட்டும் போதும். பெட்டி ஃபைபரில், குழாய் பி.வி.சி.யில், கிளாண்டு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மாட்டும் பிடிப்பு) ஒவ்வொன்றும் அடைத்து. மெயின் பேனல் ரூமையும் குளோரின் ரூமையும் ஒரே சுவரில் ஒட்டிக் கட்டியிருந்தால் சிவில் வேலை நடக்கும்போதே சண்டை போட்டு மாற்றிவிடுங்கள், பிறகு முடியாது.

இன்னொன்று, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். எக்ஸாஸ்ட் ஃபேனைச் சமையலறையில் மாட்டுவது போல மேலே மாட்டினால் ஒரு பயனும் இல்லை, தரை மட்டத்தில் இழுக்க வேண்டும். ஃபேன் ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும், ஆள் உள்ளே நுழையும் முன்பே காற்று ஓட வேண்டும். புதிதாகக் கட்டிய நிலையங்களில்கூட மேலே மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கழற்றிக் கீழே மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வருவோம், அதற்குப் பில் போடுவதில்லை.

ஜெனரேட்டர் வைத்துவிட்டால் பிரச்சினை தீராதா?

சின்ன நிலையத்துக்குத் தீரும். பெரிய பம்பிங் நிலையம் முழுவதையும் ஜெனரேட்டரில் ஓட்ட டீசல் செலவு கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு வேறு துணை மின் நிலையங்களிலிருந்து இரண்டு ஃபீடர் (தனி மின் லைன்) கேட்பதுதான் சரி. ஒரே துணை மின் நிலையத்திலிருந்து இரண்டு லைன் வாங்கிவிட்டு இரட்டை சப்ளை என்று காகிதத்தில் எழுதுவதில் அர்த்தமில்லை, அது நின்றால் இரண்டும் நிற்கும்.

ஆனாலும் புயல் வேறு விஷயம். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. லட்சத்துக்கும் மேலே மின்கம்பங்கள் சாய்ந்தன. சாய்ந்த கம்பத்தை நட்டுக் கம்பி இழுக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை தாகம் பொறுக்குமா? டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு தொட்டி மோட்டாரையும் இரண்டு மணி நேரம் ஓட்டி நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போனோம், எங்களைப் போல எத்தனையோ பேர் போனார்கள். அங்கே பார்த்தது என்னவென்றால் பல ஊர்களில் ஜெனரேட்டரை இணைக்க இடமே இல்லை. பேனலைத் திறந்து, ஈ.பி. லைனைக் கழற்றி, வயரை முறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. அவசரத்தில் ஈ.பி. பக்கத்தைக் கழற்றாமல் விட்டால் ஜெனரேட்டர் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறிப் போய், தூரத்தில் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரை எடுத்துவிடும். ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிப் போடும் ஒரு சேஞ்ச்-ஓவர் ஸ்விட்சும் வெளியே ஒரு பிளக்கும் இருந்தால் ஐந்து நிமிஷத்து வேலை. கடலோர ஊராட்சிகள் எல்லாம் இதைப் போட்டு வையுங்கள், சில ஆயிரம் ரூபாய்தான்.

எர்த் போடுவதில் காண்ட்ராக்டர்கள் ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்ற முடியும், ஏனென்றால் மண்ணுக்குள் போய்விடுகிறது. குழியை மூடும் முன் நின்று பாருங்கள், போட்டோ எடுங்கள், மூடிய பிறகு எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மோட்டார் உடலுக்கும் இரண்டு தனித்தனி எர்த் பட்டை போக வேண்டும், ஒன்று விட்டாலும் மற்றது காக்கும் என்பதற்காக. ஆற்று மணலில் குழி எடுத்தால் மழைக்காலத்தில் நல்ல அளவு காட்டும், சித்திரை வெயிலில் மணல் காய்ந்து எர்த்தின் தடை அளவு எகிறிவிடும். அதனால் கோடையில் ஒரு தடவை அளக்க வேண்டும், குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளைச் சொல்லி வைக்க வேண்டும்.

வி.எஃப்.டி. போட்டால் கரண்ட் பில் பாதியாகும் என்கிறார்களே?

வி.எஃப்.டி. என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. பில் குறைவது இடத்தைப் பொறுத்தது. பம்பின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் இழுக்கும் சக்தி பாதியளவுக்கு இறங்கும் என்பது புத்தகக் கணக்கு, சமதளத்தில் நீண்ட குழாயில் தள்ளும்போது அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் 60 மீட்டர் மேட்டுக்கு ஏற்றும் பம்பில் வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் மேலே போய்ச் சேரவே சேராது, மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும், பம்பு சூடாகும். அங்கே வி.எஃப்.டி. வாங்குவது பணத்தை வீணாக்குவது, மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போதும். விற்க வருகிறவரிடம் உங்கள் குழாயின் உயரக் கணக்கைக் கொடுத்து, அதை வைத்து எத்தனை யூனிட் குறையும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்குப் பதிலாக பல இடங்களில் பவர் ஃபேக்டரை (இழுக்கும் கரண்டில் எவ்வளவு பயனுள்ள வேலைக்குப் போகிறது என்ற அளவு) உயர்த்தும் கெப்பாசிட்டர் பேனலைச் சரிசெய்தாலே போதும். ஹெச்.டி. இணைப்பில் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அபராதம் வரும், பில்லில் தனியாக அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் என்றால் ஆபரேட்டர் எதற்கு?

ஸ்காடா, அதாவது தூரத்து நிலையங்களைக் கம்ப்யூட்டரில் கண்காணித்து இயக்கும் முறை, நல்ல விஷயம். தொட்டி மட்டம், ஓட்டம், கலங்கல், குளோரின் அளவு எல்லாம் ஒரே திரையில் தெரிகிறது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பம்பு நின்றது உடனே தெரிகிறது. ஆனால் கலங்கல் அளக்கும் கருவியின் கண்ணாடி வாரத்துக்கு ஒரு தடவை துடைக்காவிட்டால் அழுக்கைத்தான் அளக்கும். இடி இறங்கி ஒரு சென்ஸார் போனால் திரையில் தொட்டி நிரம்பியதாகக் காட்டும், ஊரில் குடம் காலியாக இருக்கும். எனவே ஒவ்வொரு மோட்டார் பக்கத்திலும் கையால் போட்டு நிறுத்தும் பட்டன் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்லும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மாதச் சம்பளம் நேரத்துக்கு வராத ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் ஊராட்சியில் வருடத்துக்கு மூன்று தடவை மோட்டார் எரிகிறது. மோட்டார் கம்பெனி சரியில்லையா?

மூன்று தடவையும் வேறு வேறு கம்பெனி என்றால் கம்பெனி மேல் தப்பு இருக்க வாய்ப்பில்லை. மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு, வயலில் செய்வதைத் தொட்டி மோட்டாருக்கும் செய்கிறார்கள். அப்படி ஓட்டினால் காயில் வெந்துபோகும். அடுத்தது, போர்வெல்லில் தண்ணீர் இறங்கிய பிறகும் பம்பு காய்ந்து ஓடுவது. மூன்றாவது, ஓவர்லோடு ரிலே அடிக்கடி தட்டுகிறது என்று அதன் அளவை ஏற்றி வைப்பது. ரிலே உங்கள் மோட்டாரைக் காக்கத்தான் தட்டுகிறது, அதைத் திருகி ஏற்றியவர் யார் என்று முதலில் கேளுங்கள். ஒரு ஃபேஸ் போனால் நிறுத்தும் கருவி, காய்ந்து ஓடினால் நிறுத்தும் கருவி இரண்டும் சேர்த்து ஒரு ரீவைண்டிங் செலவைவிடக் குறைவு.

வேலைக்குப் பணம் ஒழுங்காக வருகிறதா?

நேர்மையாகச் சொன்னால், துணை ஒப்பந்தத்தில் தாமதம் அதிகம். மேலே இருப்பவருக்கு வந்தால்தான் நமக்கு வரும். ஒரு தடவை பெரிய ஒப்பந்ததாரர் ஒருவர் பாதியில் வேலையை விட்டுப் போனதில் எங்கள் கேபிள் பணம் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டது, அம்மாவின் நகை அடகுக்குப் போய்த்தான் ஆட்களுக்குத் தீபாவளிச் சம்பளம் கொடுத்தோம். அதற்குப் பிறகு டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் போன்ற பெரிய பொருட்களுக்கு அவர்களே நேரடியாகக் கடையில் பணம் கட்ட வேண்டும், கூலியும் பேனலும் மட்டும் எங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொள்கிறோம். புதிதாக வருகிறவர்களும் இப்படியே செய்யுங்கள்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம் போதும், பிறகு வயர்மேன் சான்று வாங்கலாம். டிப்ளமா முடித்தால் அனுபவத்தோடு சூப்பர்வைசர் சான்று. உயர் அழுத்த வேலை எடுக்கத் தனி ஒப்பந்த உரிமம் வேண்டும். எங்களிடம் சேரும் பையன்களுக்கு முதல் மாதம் முழுக்க கேபிளில் லக் (கேபிள் முனையை இணைக்கும் உலோகத் துண்டு) அடிப்பதும் கிளாண்டு மாட்டுவதும்தான். சலிப்பாக இருக்கும். ஆனால் நான் பார்த்த பேனல் தீ விபத்துகளில் பாதிக்கு மேல் சரியாக அடிக்காத லக்கில்தான் ஆரம்பித்தது.

இரண்டாவது பாடம், மோட்டாரில் கை வைக்கும் முன் ஃபியூஸைக் கழற்றி உன் பாக்கெட்டில் போட்டுக்கொள், ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நீயே வைத்துக்கொள். அப்பாவோடு வேலை செய்த ஒருவர், வேறு ஒரு சைட்டில் ஈரத் தொட்டிக்குள் இறங்கி மோட்டார் பார்க்கும்போது மேலே யாரோ ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். அவர் படத்தை எங்கள் ஆபீஸில் மாட்டியிருக்கிறோம். புதுப் பையன்களிடம் பூட்டைக் கொடுக்கும்போது அவரைப் பற்றிச் சொல்லித்தான் கொடுப்போம்.

புதிய நிலையத்தை ஊராட்சி கையில் ஒப்படைக்கும்போது நாங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

உண்மையில் எப்படிப் போட்டிருக்கிறார்களோ அப்படி வரைந்த வயரிங் படம், டெண்டர் படம் வேண்டாம். அதை லேமினேட் செய்து பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் நம்பர் இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். பி.எல்.சி. (மோட்டார்களைத் தானாக இயக்கும் சிறு கம்ப்யூட்டர்) புரோகிராமின் பிரதியும் அதன் பாஸ்வேர்டும், இது இல்லாமல் பின்னால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் அதே ஆளைத் தேடி ஓட வேண்டும். ஒவ்வொரு மோட்டாரின் மெகர் அளவும் (காயிலின் காப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்ற அளவு) முதல் நாள் எழுதி வையுங்கள், ஐந்து வருடம் கழித்து ஒப்பிட அதுதான் உதவும். பம்பு, மோட்டார், பேனல் இவற்றுக்கெல்லாம் வடிவமைப்பு ஆயுளே 15 வருடம்தான், கட்டடத்துக்கு 30, ஆகவே ஒரு தடவை எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும் என்று இப்போதே பட்ஜெட்டில் எழுதுங்கள். அப்புறம் ஒரு கான்டாக்டர், ஒரு ரிலே, ஒரு செட் ஃபியூஸ், இவை கண்டிப்பாக ஸ்டோரில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இவற்றில் ஒன்று போனால் எந்தக் கடையும் திறந்திருக்காது.

கடைசி நாளில் எங்களை நிற்க வைத்து மெயின் ஸ்விட்சை நிறுத்தச் சொல்லுங்கள். முழு லோடில் ஓடும்போது நிறுத்த வேண்டும். வால்வு என்ன செய்கிறது, குழாய் என்ன சத்தம் போடுகிறது, மறுபடி கிளம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று உங்கள் ஆபரேட்டரும் எங்கள் ஆளும் ஒன்றாகப் பார்க்கட்டும். இதைச் செய்யத் தயங்குகிற காண்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.